அமிந்தேயோ: குளிரும் மணலும் சேர்ந்து செய்கிற ஒயின்

கிரேக்க ஒயின் என்றதும் பேச்சு சாந்தோரினிக்குத்தான் போகும். எரிமலைத் தீவு, வெள்ளைச் சுவர், நீலக் கடல், தரையோடு தரையாகக் கூடை போல் பின்னி வைத்த கொடிகள் என்று படம் பிடிக்க வசதியான இடம் அது, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் திராட்சை எப்படிப் பழுக்கிறது, ஓர் ஊரின் மண்ணும் வானிலையும் புட்டிக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு நான் காட்டுவது வேறோர் ஊரை. கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில், கடற்காற்றே எட்டாத, குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கிற அமிந்தேயோ.

இந்த ஊரைப் பார்த்தால் திராட்சைக்கு எது எதெல்லாம் பாதகமோ அதையெல்லாம் சேர்த்து வைத்தது போல இருக்கும். உயரம் அதிகம், குளிர் அதிகம், மண் வெறும் மணல், நடுகிற ரகமோ லேசில் பழுக்காது, நிறமும் சரியாக ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் கிரேக்கத்தின் நல்ல ரோசே ஒயினும் (வெளிர்சிவப்பு ஒயின்), நுரைக்கும் ஒயினும் வருகின்றன. இந்தப் பாதகங்களுக்கு நடுவிலும் வருகின்றன என்று சொல்வதைவிட, இவற்றால்தான் வருகின்றன என்று சொல்வதே சரி. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இடம். தெசலோனிக்கி நகரிலிருந்து மேற்கே சாலை வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மேற்கு மாசிடோனியாவில் ஃப்ளோரினா மாவட்டம். மலைகள் சூழ்ந்த ஒரு மேட்டுநிலம், திராட்சைத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 முதல் 700 மீட்டர் வரை உயரத்தில் இருக்கின்றன. வடக்கே வோராஸ் மலை, உச்சி 2,500 மீட்டருக்கு மேல், அந்த உச்சியைக் காய்மாக்சலான் என்றும் சொல்வார்கள். தென்கிழக்கே வெர்மியோ மலை. நடுவே நான்கு ஏரிகள்: வெகோரிதிதா, பெத்ரோன், சாசாரி, ஹிமாதிதிதா. பழைய ரோமானியப் பெருவழியான எக்னாத்தியா சாலை இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது, பெத்ரெஸ் ஊருக்கு அருகே அலெக்சாந்தருக்குப் பிந்தைய காலத்து நகரம் ஒன்றையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆக, மனிதர்கள் இங்கே ரொம்ப காலமாக இருக்கிறார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் இந்த ஊர் அப்படியொன்றும் வடக்கே இல்லை என்பதுதான் வேடிக்கை. கிட்டத்தட்ட இத்தாலியின் நேப்பிள்ஸ் இருக்கிற அதே அட்சரேகை. ஆனால் உயரம் கூடக் கூட வெப்பம் குறைகிறது, 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதோடு மலைகள் கடற்காற்றை மறித்துவிடுவதால் கடலோரத்தின் மிதமான குளிர்காலம் இங்கே கிடையாது. கிரேக்கத்தின் கடும் குளிர்ப் பதிவுகளில் பல இந்த வட்டாரத்திலிருந்து வந்தவைதான்.

சரி, இப்போது பழத்துக்குள் போவோம். திராட்சை பழுக்கும்போது ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடக்கின்றன, அந்த நான்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஒயின் செய்பவரின் தலைவலி முழுக்க இதில்தான் இருக்கிறது. சர்க்கரை ஏறுகிறது. புளிப்பு இறங்குகிறது. தோலில் நிறம் கூடுகிறது. தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் மெல்ல முதிர்கிறது. டானின் என்றால் வேறொன்றுமில்லை, பாக்கை மென்றால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. பழுக்காத டானின் கரடுமுரடாக இழுக்கும், பழுத்த டானின் இழுத்தாலும் உறுத்தாது.

சர்க்கரை இலையில் தயாராகிறது. வெயில் வேண்டும், இலை வேண்டும், ஓரளவு தண்ணீர் வேண்டும். இந்தச் சர்க்கரையைத்தான் பின்னால் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றும். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் அதிலிருந்து 1 சதவீத ஆல்கஹால் வரும். அப்படியென்றால் 13 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் போலச் சர்க்கரை வேண்டும். நாம் கடையில் வாங்கித் தின்கிற திராட்சை பெரும்பாலும் அவ்வளவு இனிப்பாக இருக்காது. ஒயின் திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது, சாறு பிசுபிசுக்கும்.

புளிப்பின் கதை கொஞ்சம் வேறு. திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள், டார்டாரிக், மாலிக். டார்டாரிக் அமிலம் அவ்வளவு சீக்கிரம் குறையாது. மாலிக் அமிலத்தைப் பழமே மூச்சுவிடும்போது எரித்துவிடுகிறது, வெப்பம் கூடினால் இந்த எரிப்பும் வேகமாகும். பகல் முழுக்கக் கொதித்து இரவிலும் சூடு தணியாத ஊரில் பழம் இருபத்திநான்கு மணி நேரமும் புளிப்பை இழந்துகொண்டே இருக்கும். அமிந்தேயோவில் கோடைப் பகலில் நல்ல வெயில், சர்க்கரை ஏறுகிறது. இரவில் குளிர் இறங்கிவிடும், பழம் மூச்சைக் குறைத்துக்கொள்ளும், புளிப்பு அப்படியே தங்கும். 'பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம்' என்று எந்த ஒயின் ஊரைப் பற்றிப் படித்தாலும் ஒரு வரி வரும், பெருமையாகச் சொல்வார்கள், ஏன் பெருமை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். காரணம் இதுதான்.

அடுத்து ரகம். அமிந்தேயோ என்ற பெயரைச் சட்டப்படி போட்டுக்கொள்ள வேண்டுமானால் ஒயின் முழுக்க முழுக்க க்சினோமாவ்ரோ என்ற ஒரே ரகத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். வட கிரேக்கத்தின் முதன்மையான கறுப்புத் திராட்சை இது. பேரைச் சொல்வதே பாதி வேலை, அதை விடுங்கள். இந்த ரகத்தோடு வாழ்வது லேசான காரியம் இல்லை. புளிப்பு அதிகம், டானின் அதிகம், ஆனால் நிறம் குறைவு, இருக்கிற நிறமும் நிலைக்காமல் சில ஆண்டுகளிலேயே செங்கல் சாயலுக்குப் போய்விடும். மிகத் தாமதமாகப் பழுக்கும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று இழுக்கும். செழிப்பான மண் கிடைத்தால் இலையும் கொடியுமாக ஓடிவிடும், பழத்தை மறந்துவிடும். வறட்சியும் பிடிக்காது, அறுவடை நேரத்து மழையும் பிடிக்காது, குலை நெருக்கமாக இருப்பதால் பூஞ்சை எளிதில் ஏறும்.

இவ்வளவு தொல்லையையும் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? வாசனைக்காகத்தான். நன்றாகப் பழுத்த க்சினோமாவ்ரோ ஒயினில் வெயிலில் உலர்ந்த தக்காளி, ஆலிவ், ஸ்ட்ராபெரி, சில சமயம் காய்ந்த ரோஜா இதழ் என்று ஒரு கலவை இருக்கும். இத்தாலியின் நெபியோலோ ரகத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம், வெளிறிய நிறம், கடும் துவர்ப்பு, நீண்ட ஆயுள் என்று பொருத்தமும் இருக்கத்தான் செய்கிறது.

இந்த ரகம் சேர்கிற, சட்டப்படி பிறப்பிடப் பெயர் பெற்ற பகுதிகள் வட கிரேக்கத்தில் நான்கு. நாவுசா, கூமெனிசா, ராப்சானி, அமிந்தேயோ. இவற்றில் கூமெனிசாவிலும் ராப்சானியிலும் இதை மற்ற உள்ளூர் ரகங்களோடு கலப்பார்கள். நாவுசாவும் அமிந்தேயோவும் மட்டும்தான் நூறு சதவீதம் க்சினோமாவ்ரோ. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மலை, வெர்மியோ. தென்கிழக்குச் சரிவில் நாவுசா, வடமேற்கே மறுபக்கத்தில் அமிந்தேயோ. நாவுசாவின் தோட்டங்கள் பெரும்பாலும் 150 முதல் 350 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, மண்ணில் களியும் சுண்ணாம்பும் அதிகம். அங்கிருந்து வருவது சிவப்பு ஒயின் மட்டுமே, கனமானது, துவர்ப்பு மிகுந்தது, பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருந்தாலும் தாங்கும். கிரேக்கச் சிவப்பு ஒயின் என்றால் நாவுசாதான் என்கிற பெயரும் அதற்கு உண்டு.

மலையைத் தாண்டினால் அதே பழம் வேறு ஆளாகிவிடுகிறது. உயரத்தில் முந்நூறு நானூறு மீட்டர் கூடிவிட்டதால் இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி, அதனால் பழுப்பது இன்னும் தாமதம், மண் மாறியதால் துவர்ப்பு லேசு, வாசனை தூக்கல், புளிப்பு கூர்மை. ஒரு ரகம், ஒரு மலை, இரண்டு பக்கம். 'டெர்வார்', அதாவது ஓரிடத்தின் மண்ணும் வானிலையும் ஒயினில் தெரிவது, என்ற பிரெஞ்சுச் சொல்லை ஒயின் ஆட்கள் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார்களே, அதைப் புரிந்துகொள்ள இதைவிட நேரான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இவ்வளவு குளிரில், இவ்வளவு தாமதமாகப் பழுக்கிற ரகம் பிழைத்திருப்பதே ஏரிகளால்தான் என்று சொன்னால் மிகையாகாது. தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகக் குளிரும். இலையுதிர் காலத்தில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும்போது ஏரி கோடையில் வாங்கிய சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும், அந்தச் சில வாரங்கள் பழத்துக்குப் பெரிய விஷயம். வசந்தத்தில் இளந்துளிர் விடும் நேரம் உறைபனி இறங்கினால் அந்த ஆண்டு விளைச்சலில் பாதி அதோடு போச்சு, ஏரி அந்த ஆபத்தையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது, முழுக்கத் தடுப்பதில்லை. ஏரி இருந்தால் ஈரப்பதமும் இருக்கும், ஈரப்பதம் இருந்தால் பூஞ்சையும் வரும். அதை வடக்கிலிருந்து வீசுகிற காற்று உலர்த்திவிடுகிறது. இப்படி ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டே போகிறது. வெகோரிதிதாவின் நீர்மட்டம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் எடுத்ததில் வெகுவாக இறங்கிப்போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மணலுக்கு வருவோம். எனக்கு இந்த ஊர்க் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. ஃபைலாக்சரா. அசுவினி இனத்துக்கு உறவு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது, மண்ணுக்குள் இருந்து திராட்சையின் வேரைத் துளைத்துச் சாறு குடிக்கும். வேரில் புண் வந்து, அதில் பூஞ்சை ஏறி, கொடி சில ஆண்டுகளில் செத்துப்போகும். அமெரிக்கத் திராட்சை இனங்கள் இந்தப் பூச்சியோடே வளர்ந்தவை, அவற்றுக்குத் தாங்கும் திறன் உண்டு. ஐரோப்பியத் திராட்சைக்கு அது சுத்தமாக இல்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வட கிரேக்கத்துக்கும் வந்துவிட்டது, நாவுசாவும் தப்பவில்லை. தீர்வாகக் கிடைத்தது ஒட்டுக்கட்டுதல். கீழே அமெரிக்க வேர்ச்செடி, மேலே ஐரோப்பிய ரகம். இன்று உலகத்தில் ஒயினுக்காக வளர்கிற கொடிகளில் பெரும்பாலானவை இப்படி ஒட்டுக் கொடிகள்தான்.

அமிந்தேயோவின் மணற்பாங்கான தோட்டங்களில் இந்தப் பூச்சி திணறுகிறது. களிமண் காய்ந்தால் வெடிப்பு விடும், அந்த வெடிப்புகளில் பூச்சி ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்கு நடந்து போகும். மணலில் வெடிப்பு நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும், பூச்சி நகர வழியில்லை. அதனால் ஒட்டுக் கட்டாத, தன் சொந்த வேரிலேயே நிற்கிற பழைய கொடிகள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆல்ஃபா எஸ்டேட் என்ற ஒயினகத்திடம் 1919இல் நட்ட க்சினோமாவ்ரோ தோட்டம் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எடுக்கிற ஒயினைத் தனியாகவே புட்டியில் அடைக்கிறார்கள். 1919 என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்கு மூன்றாண்டு முன்னால், 1916இல், முதல் உலகப் போரில் செர்பியப் படையும் பல்கேரியப் படையும் காய்மாக்சலான் உச்சிக்காக மோதின, வெகோரிதிதா ஏரிக்கரையிலும் சண்டை நடந்தது. போர் ஓய்ந்ததும் யாரோ அங்கே கொடி நட்டிருக்கிறார்கள்.

சொந்த வேர்க் கொடியில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு செடி செத்துவிட்டால் நாற்றங்காலுக்குப் போக வேண்டாம், பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். ஒட்டுக் கட்டிய தோட்டத்தில் இதைச் செய்ய முடியாது, புதைத்த கிளையில் வருவது ஐரோப்பிய வேர், அது பூச்சிக்கு இரை. பழைய கொடி நிறையக் காய்க்காது. காய்க்கிற கொஞ்சத்தில் சாறு அடர்த்தியாக இருக்கும் என்பார்கள், வேர் ஆழமாகப் போயிருப்பதால் வறண்ட ஆண்டிலும் சமாளிக்கும். பழைய கொடியென்றாலே ஒயின் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப நான் தயாரில்லை, ஆனால் வறட்சி சமாளிக்கும் என்பதை மறுக்க முடியாது.

மணலின் வேலை அதோடு முடிவதில்லை. தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஊட்டமும் குறைவு, ஆகவே இலையாக ஓடத் துடிக்கிற க்சினோமாவ்ரோவுக்கு இயல்பாகவே ஒரு கடிவாளம். மணலில் விளைந்த பழத்தில் துவர்ப்பு மென்மையாகவும் வாசனை முன்னால் நிற்பதாகவும் இருக்கும் என்பது பொதுவாக ஒயின் செய்பவர்கள் சொல்கிற அனுபவம்.

தோட்டத்து வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்வார்கள், எத்தனை மொட்டு விடுகிறார்கள் என்பதில்தான் அந்த ஆண்டின் விளைச்சல் அளவு இருக்கிறது. ஏப்ரல் வாக்கில் துளிர், ஜூன் வாக்கில் பூ, ஆகஸ்டில் பச்சைக் காய் நிறம் மாறும். பழைய தோட்டங்களில் கம்பியே இருக்காது, குட்டையான புதர் போலத் தன் காலிலேயே நிற்கும். புதிய தோட்டங்கள் கம்பி கட்டியவை. நிறம் மாறும் நேரத்தில் சில குலைகளை வெட்டிக் கீழே போட்டுவிடுவதும் உண்டு, மிச்சமிருப்பது ஒழுங்காகப் பழுக்கட்டும் என்று. விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இப்போது ஒயின் செய்பவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் தோட்டத்தில் நிற்கிறீர்கள். புளிப்பு இன்னும் தூக்கலாக இருக்கிறது, சர்க்கரை ஓரளவு ஏறியிருக்கிறது, வாசனை வந்துவிட்டது. ஆனால் நிறம் வெளிறியிருக்கிறது, டானின் இன்னும் முரடு. சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் மழை வரலாம், குளிர் முந்தலாம். நல்ல ஆண்டில் காத்திருக்கலாம். எல்லா ஆண்டும் நல்ல ஆண்டாக இருப்பதில்லையே.

இங்கேதான் தந்திரம். நிறமும் டானினும் தோலில் இருக்கின்றன, சாற்றில் இல்லை. பெரும்பாலான கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வருகிற சாறு கிட்டத்தட்ட நிறமற்றது. சிவப்பு ஒயின் செய்யும்போது தோலையும் சாற்றையும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், ஒன்றாக ஊற வைப்பார்கள், அப்போதுதான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டுச் சாற்றை வடித்துவிட்டால் லேசான சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு. அதுதான் ரோசே. ஊறவே விடாமல் உடனே மென்மையாகப் பிழிந்தால் கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயினே செய்துவிடலாம். ஆக, எந்தப் பழத்தில் தோல் சரியாக வரவில்லையோ அந்தப் பழத்தில் தோலை ஒதுக்கிவிட்டு, எது நன்றாக வந்திருக்கிறதோ அதை, அதாவது புளிப்பையும் வாசனையையும், எடுத்துக்கொள்கிறார்கள். 1972இல் அமிந்தேயோவுக்குச் சட்டப்படி பிறப்பிடப் பெயர் கிடைத்தது. சிவப்போடு ரோசேவுக்கும் நுரைக்கும் ரோசேவுக்கும் அந்தப் பெயரில் இடம் உண்டு, கிரேக்கத்தில் இது அரிது.

நுரைக்கும் ஒயின் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் சோடாவில் போல வாயுவை ஏற்றுகிறார்கள் என்றே நினைக்கிறார்கள். மலிவுச் சரக்கில் அதுவும் நடக்கிறது. நல்ல சரக்கில் வாயு நொதித்தலிலேயே வருகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது இரண்டு பொருள்களை வெளியிடும், ஒன்று ஆல்கஹால், இன்னொன்று கரியமில வாயு. சாதாரண ஒயினில் அந்த வாயு காற்றோடு போய்விடும். அதைப் போகவிடாமல் மூடி வைத்தால் ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கும்.

ஆனால் முதல் நொதித்தலையே மூடி வைக்க முடியாது, அவ்வளவு வாயுவை எந்தப் புட்டியும் தாங்காது. ஆகவே முதலில் சாதாரண ஒயின் ஒன்றைச் செய்துகொள்வார்கள். 10, 11 சதவீத ஆல்கஹால், பல் கூசும் புளிப்பு, தனியாகக் குடிக்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. அதைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்து இறுக்கி மூடிவிடுவார்கள். உள்ளே இரண்டாம் நொதித்தல் நடக்கும். ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே கூடும், அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஆறு மடங்குக்குப் போகும். அதனால்தான் இந்தப் புட்டிகள் அவ்வளவு கனம், கார்க்கைச் சுற்றி அந்தக் கம்பிக்கூடு. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியோடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஒயினில் ரொட்டி சுடுகிற வாசனை ஏறும், வாயில் ஒரு நிறைவும் வரும். பிறகு புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் உறைந்த மண்டி அழுத்தத்தில் வெளியே பாய்ந்துவிடும். குறைந்த இடத்தை நிரப்பி, விருப்பப்பட்டால் துளி இனிப்புச் சேர்த்து, கார்க் அடிப்பார்கள். ஷாம்பெய்ன் செய்யப்படுவதும் இப்படித்தான். ஷாம்பெய்ன் என்ற பெயரை மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பிரெஞ்சு ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் போட்டுக்கொள்ள முடியாது.

இன்னொரு முறையில் இதே இரண்டாம் நொதித்தலைப் பெரிய எஃகுத் தொட்டியில் நடத்தி, வடிகட்டி, அழுத்தம் குறையாமல் புட்டியில் அடைப்பார்கள். செலவு குறைவு, பழ வாசனை புதிதாகவே நிற்கும், ரொட்டி வாசனை வராது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். கோடை மாலையில் எனக்குத் தொட்டி முறை ரோசேதான் வேண்டும்.

எந்த முறையானாலும் அடிப்படைத் தேவை ஒன்றே: சர்க்கரை அதிகம் ஏறாமல், புளிப்பு இறங்காமல், வாசனை மட்டும் வந்துவிட்ட பழம். சூடான ஊரில் இது கிடைக்காது. அங்கே வாசனை வரும்போது சர்க்கரை எங்கோ போயிருக்கும், சர்க்கரை குறைவாக இருக்கும்போது பறித்தால் பச்சைக்காய் வாடை அடிக்கும். அமிந்தேயோவில் எல்லாம் மெதுவாக நடப்பதால் அந்த இடைவெளி கிடைக்கிறது.

ஆள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொம்ப காலம் இங்கே விவசாயிகள் பழத்தை விற்றுவிட்டுப் போவார்கள், 1959இல் தொடங்கிய கூட்டுறவு ஒயினகம்தான் ஊருக்குப் பெரிய ஆதாரம். 1997இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, ஆல்ஃபா எஸ்டேட் தொடங்கியது. இன்னொன்று, நாவுசாவின் பழைய ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த யானிஸ் பூதாரிஸ், குடும்ப நிறுவனத்தைவிட்டு வெளியே வந்து கிர்-யானி என்று தனியாக ஆரம்பித்தார், நாவுசாவிலும் அமிந்தேயோவிலும் தோட்டம். சுவாரசியமான மனிதர். குடிக்கு அடிமையாயிருந்து மீண்டவன் நான் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒயின்காரர். அமிந்தேயோவுக்குப் பக்கத்து மலைக்கிராமமான நிம்ஃபேயோவில் கரடிகளுக்குச் சரணாலயம் நடத்துகிற அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். 2011 முதல் 2019 வரை தெசலோனிக்கியின் மேயர், 2024இல் காலமானார். லெவேயா கிராமத்தில் ஒரு டச்சுத் தம்பதி நடத்துகிற கரனிக்கா என்ற சின்ன ஒயினகம் புட்டி முறை நுரை ஒயினில் பெயர் வாங்கியிருக்கிறது. க்சினோமாவ்ரோவில் வெள்ளை நுரை ஒயினும் செய்கிறார்கள்.

அமிந்தேயோ என்றால் கிரேக்கர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒயின் இல்லை, பழுப்பு நிலக்கரி. சுரங்கமும் அனல்மின் நிலையமும்தான் பல ஆண்டுகள் சோறு போட்டன. 2017 ஜூனில் சுரங்கத்தில் பெரிய மண்சரிவு ஏற்பட்டு, ஓரத்திலிருந்த அனார்கிரி கிராமத்து மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2020இல் மின் நிலையம் மூடப்பட்டது. திராட்சையும் ஃப்ளோரினாவின் புகழ்பெற்ற சிவப்பு மிளகாயும் சேர்ந்து அத்தனை வேலைகளையும் ஈடுகட்டிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெப்பம் கூடிக்கொண்டே போகிற காலத்தில், உயரமும் குளிரும் உள்ள தோட்டத்துக்கு மதிப்பு ஏறத்தான் செய்யும்.

வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். லேபிளில் அமிந்தேயோ என்ற பெயரும் அதன் கூடவே பி.டி.ஓ. (பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்) என்றும் இருந்தால் அது நூறு சதவீத க்சினோமாவ்ரோ. அதே தோட்டக்காரர்கள் சிரா, மெர்லோ, சோவிஞ்ஞோன் பிளாங்க் எல்லாம் வளர்க்கிறார்கள், அவை கலந்ததென்றால் ஃப்ளோரினா என்ற அகலமான பெயரில் வரும், அதுவும் நன்றாகவே இருக்கும். நுரை ஒயினில் 'ப்ரூட்' என்றால் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்கு உள்ளே, 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' என்றால் 6 கிராமுக்கு உள்ளே, 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17 வரை. ஆமாம், 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது ப்ரூட்டைவிட இனிப்பு. இந்தப் பெயர்களை வைத்தவர்களைத் திட்டிக்கொண்டே வாங்குங்கள்.

முதல் தடவையென்றால் நுரை ரோசேயில் தொடங்குங்கள், 6 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில். சாதாரண ரோசேவுக்கு 10 டிகிரி போதும். சிவப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், ஏனென்றால் க்சினோமாவ்ரோவின் துவர்ப்பு பழகாத நாக்கை விரட்டிவிடும். சாப்பாடு இல்லாமல் அதைக் குடிக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆட்டுக்கறி, தக்காளி போட்ட குழம்பு, சுட்ட மிளகாய், கத்தரிக்காய் என்று எண்ணெயும் உப்பும் உள்ள எதோடாவது வையுங்கள், பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்துவிடுங்கள். நிறம் வெளிறியிருக்கிறதே, தண்ணீர் கலந்திருப்பார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம், இந்த ரகத்தின் நிறமே அவ்வளவுதான்.